பினாங்குத் தெருக்களுக்கு யார் காவல்? - கப்பித்தான் காலம் முதல் கண்காணிப்புக் கேமரா வரை

ஜார்ஜ்டவுனில் லெபு பாசார் என்று பெயர்ப்பலகை சொன்னாலும், பினாங்குத் தமிழர்களுக்கு அது இன்றும் கடைத்தெருதான். வெள்ளிக்கிழமை மாலையில் அங்கே கூட்டம் களைகட்டும். பூக்கடை, மளிகைக்கடை, புடவைக்கடை என்று ஏறி இறங்கும் பெண்களின் கழுத்தைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் தள்ளி மறைத்துக் கொண்டவர்கள் சிலர். கொடியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு வந்தவர்கள் சிலர். கைப்பையைப் பிள்ளையைப் போல் மார்போடு அணைத்தபடி நடப்பவர்கள் பலர்.

"காலம் கெட்டுப் போச்சு. அந்தக் காலத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சில கம்பங்களுக்கும் தோட்ட லயங்களுக்கும் அது பொருந்தலாம். ஜார்ஜ்டவுன் தெருக்களுக்கு அது பொருந்தாது. இந்த நகரம் பிறந்த நாளிலிருந்தே இங்கு வாழ்ந்தவர்களுக்குப் பயம் இருந்தது. யாரிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்பது என்பதில்தான் ஒவ்வொரு தலைமுறையும் வேறுபட்டது. தவறான இடத்தில் கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பினாங்கின் வரலாறு பதிவு செய்து வைத்திருக்கிறது. அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

சட்டம் வருவதற்கு முன்

1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபோது அவரிடம் சிப்பாய்கள் இருந்தார்கள், பீரங்கிகள் இருந்தன. ஆனால் நீதிமன்றம் இல்லை, எழுதப்பட்ட சட்டமும் இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர்கள், கெடாவிலிருந்து வந்த மலாய்க்காரர்கள், சீனக் குடியேறிகள், சுமத்திராவின் அச்சேயர்கள் எனப் பல மொழி பேசுவோர் சில ஆண்டுகளிலேயே குவிந்துவிட்டனர். அடிதடி, திருட்டு, கடன் தகராறு என்று வழக்குகளுக்குப் பஞ்சமில்லை.

இதற்கு அன்றைய நிர்வாகம் கண்ட வழி, ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு கப்பித்தானை நியமிப்பது. சீனர்களுக்குக் கோ லே ஹுவான். சூலியாக்களுக்குக் காதிர் முகைதீன். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் வரும் கப்பித்தான் இவர்தான். சிறு வழக்குகளைத் தம் மக்களுக்கிடையே தீர்த்து வைப்பதும், தம் மக்களின் நடத்தைக்குப் பொறுப்பேற்பதும் கப்பித்தானின் வேலை. ஊர்ப் பஞ்சாயத்தைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தது போன்ற ஏற்பாடு. நம்மவருக்கு நம்மவரே காவல் என்ற எண்ணம் பினாங்கில் அப்போதே வேரூன்றிவிட்டது.

1801-ஆம் ஆண்டு ஜான் டிக்கன்ஸ் என்ற வழக்கறிஞர் கல்கத்தாவிலிருந்து நீதிபதியாக வந்து சேர்ந்தார். எந்தச் சட்டத்தின்கீழ் தீர்ப்பளிப்பது என்று அவருக்கே தெளிவில்லை. இங்கிலாந்து அரசரின் நீதிச் சாசனம் பினாங்குக்கு வழங்கப்பட்டது 1807 மார்ச் 25-ஆம் நாள்தான். அதன் வழியாக முறையான நீதிமன்றமும் காவல் அமைப்பும் ஏற்பட்டன. மலேசியா ஆண்டுதோறும் மார்ச் 25-ஆம் தேதியைப் போலீஸ் தினமாகக் கொண்டாடுவதன் காரணம் இதுவே. அரச மலேசியப் போலீஸ் படை தன் 200-ஆம் ஆண்டை 2007-ல் கொண்டாடியபோது பிறந்த ஊராகக் கணக்கில் கொண்டது பினாங்கைத்தான். லண்டன் மாநகரில் சர் ராபர்ட் பீல் புதிய போலீஸ் படையை ஏற்படுத்தியது 1829-ல். அதற்கு 22 ஆண்டுகள் முந்தியது இந்தத் தீவின் சாசனம்.

சாசனம் வந்துவிட்டதால் மட்டும் சந்து பொந்துகளில் அமைதி வந்துவிடவில்லை. காவலர்கள் சிலர், தெருக்கள் பல. மொழி தெரியாத அதிகாரியிடம் போய் முறையிடுவதைவிட, பக்கத்துத் தெருவில் இருக்கும் 'நம்ம ஆள்' மேல் என்று மக்கள் நினைத்தார்கள்.

பாதுகாப்பை விற்றவர்கள்

கப்பலிலிருந்து இறங்கும் ஒரு சீனக் கூலியை எண்ணிப் பாருங்கள். ஊரில் கடன். இங்கே உறவு இல்லை. வேலை கொடுப்பவன் ஏமாற்றலாம், வழியில் ஒருவன் அடித்துப் பிடுங்கலாம், நோய் வந்து இறந்தால் அடக்கம் செய்யவும் ஆள் இல்லை. இந்த நிலையில் கீ ஹின் போன்ற சங்கங்கள் அவனுக்குக் கைகொடுத்தன. வேலை, தங்க இடம், தகராறு வந்தால் துணைக்கு ஆள், இறந்தால் நல்லடக்கம். இவற்றுக்கு ஈடாக ஒரு சந்தாவும் ஒரு சத்தியமும் போதும். இன்று இவற்றை ரகசியக் கும்பல் என்கிறோம். அன்று சேர்ந்தவனுக்கு அது குடும்பம், காப்புறுதி, காவல் நிலையம் எல்லாம் சேர்ந்த ஒன்று.

1844-ல் கீ ஹின்னுக்குப் போட்டியாகத் தோ பே கோங் சங்கம் தோன்றியது. ஹொக்கியன் வணிகக் குடும்பங்களின் செல்வாக்கு அதன் பின்னால் இருந்தது. 1860-களில் கீ ஹின்னில் 25,000 பேரும் தோ பே கோங்கில் 6,000 பேரும் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. கைக்கெட்டும் எண்ணிக்கையில் காவலர்களை வைத்துக்கொண்டு இவர்களை அடக்குவது அரசுக்கு எளிதாக இருக்கவில்லை.

இது சீனர்களோடு நின்றுவிட்ட கதை என்று எண்ணிவிடக் கூடாது. மலாய்க்காரர்களும் தமிழ் முஸ்லிம்களும் ஜாவி பெக்கான் எனப்படும் கலப்புச் சமூகத்தினரும் வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று இரு அணிகளாகப் பிரிந்து நின்றனர். இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்களும் கைதிகளும் கொண்டுவந்த முஹர்ரம் ஊர்வலங்களில் எந்தத் தெருக்காரர் முன்னே போவது என்ற போட்டியில் வளர்ந்தவை இந்தக் கொடிகள். பின்னர் பினாங்கின் தனிச்சிறப்பாக மாறிய போரியா ஆட்டத்திற்கும் அதே முஹர்ரம் கொண்டாட்டம்தான் தாய்வீடு. பாட்டும் ஆட்டமும் ஒரு கை, கம்பும் கத்தியும் மறு கை என்ற நிலை.

நாளடைவில் வெள்ளைக் கொடி கீ ஹின்னோடு கைகோத்தது. சிவப்புக் கொடி தோ பே கோங்கோடு சேர்ந்தது. மதம் வேறு, மொழி வேறு, உணவு வேறு. ஆனாலும் சண்டை என்று வந்தால் துணை வேண்டுமே! ஆர்மீனியன் தெருவில் தோ பே கோங்கின் தலைமையகம். அதே தெருவில் சிவப்புக் கொடியின் தலைவராக அறியப்பட்ட சையத் முகமது அல்அத்தாஸின் மாளிகை. அவரது செல்வாக்கு மிகுந்த அச்சே தெருப் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில்தான். இன்று அந்தத் தெருவில் சுவரோவியத்தின் முன்னால் வரிசை பிடித்து நின்று படம் எடுத்துக் கொள்ளும் சுற்றுப்பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பத்து நாள் நகரம் எரிந்தது

1867 ஏப்ரல் 1-ஆம் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் பிடியிலிருந்து விலகி லண்டனின் நேரடி ஆட்சிக்கு வந்தன. புதிய ஆட்சிக்கு நான்கு மாதம் முடிந்த நேரம். அவ்வாண்டு முஹர்ரம் காலத்திலிருந்தே இரு கொடிகளுக்கும் இடையே உரசல் இருந்து வந்தது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அது பெருங்கலவரமாக வெடித்தது. பத்து நாட்கள் ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஆட்சி என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். தெருக்களின் குறுக்கே தடுப்புகள் எழுந்தன. வீடுகள் கொளுத்தப்பட்டன. வெளியூர்களிலிருந்து இரு தரப்புக்கும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நகரவாசிகளைத் தற்காலிகக் காவலர்களாகச் சத்தியப் பிரமாணம் செய்ய வைத்துக் காவலுக்கு நிறுத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் ஹாரி ஆர்டே நேரில் வர நேர்ந்தது.

கேனன் தெரு என்ற பெயர் அந்தக் கலவரத்தில் பாய்ந்த பீரங்கிக் குண்டால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அச்சே தெருப் பள்ளிவாசல் மினாராவில் உள்ள வட்டமான சாளரமும் குண்டு துளைத்த ஓட்டைதான் என்று ஒரு கதை உண்டு. கதையில் உண்மை எத்தனை விழுக்காடு என்பது ஒருபுறம் இருக்கட்டும். 150 ஆண்டுகள் கடந்தும் ஒரு ஊர் தன் சுவரில் உள்ள ஓட்டையைக் காட்டி அந்தப் பத்து நாட்களை நினைவுபடுத்துகிறது என்றால், பயம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்!

அந்தப் பத்து நாட்களில் அடிபட்டவர்களில் பலர் தங்கள் பாதுகாப்புக்காகத்தான் சங்கத்தில் சேர்ந்தவர்கள். தனியாக நடந்தால் ஒருவன் அடிப்பான் என்று பயந்து சேர்ந்தவனை, அந்தச் சங்கமே ஆயிரம் பேருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது. சண்டை யாருக்காக, எதற்காக என்பதுகூடப் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கொடுத்த சத்தியத்திற்காகப் போனார்கள்.

தோ பே கோங்கின் தலைவர் கூ தியன் தெக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சாதாரண உறுப்பினனுக்கு அப்படிப் பரிந்து பேச யாரும் இல்லை. தலைவரின் பெயரை ஆயர் ஈத்தாம் பகுதியில் ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

அபராதத்தில் எழுந்த காவல் நிலையங்கள்

விசாரணை ஆணையம் அமர்ந்தது. நான்கு சங்கங்களுக்கும் தலா 5,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு கார்னர்வன் தெரு, சூலியா தெரு, பினாங்கு சாலை, பத்தானி சாலை ஆகிய நான்கு இடங்களில் காவல் நிலையங்கள் கட்டப்பட்டன. சண்டை மூளும் இடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடங்கள் அவை. தனியார் பாதுகாப்புக்குக் கொடுத்த காசு, பொதுப் பாதுகாப்புக்கான செங்கல்லாக மாறியது!

இதைவிட நீண்ட ஆயுள் கொண்டது, அதன்பின் வந்த சட்டம். 1869-ல் ஆபத்தான சங்கங்களை ஒடுக்கும் சட்டம் வந்தது. சங்கங்கள் தங்களைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது அதன் சாரம். பதிவு செய்தும் சண்டை ஓயாததால் 1889-ல் சங்கங்கள் சட்டம் இயற்றப்பட்டு, கீ ஹின் போன்றவை அடுத்த ஆண்டு முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டன. அந்தச் சட்டத்தின் வாரிசுதான் இன்று மலேசியாவில் நடப்பில் உள்ள 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம்.

இளைஞர் மன்றம், நற்பணி மன்றம், முன்னாள் மாணவர் சங்கம் என்று நாட்டில் தமிழர்கள் நடத்தும் பல அமைப்புகள் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். கணக்கு சரியில்லை, செயலாளர் கையொப்பம் இல்லை என்று தலைவர்கள் அலுத்துக் கொள்வார்கள். அந்தப் பாரத்தின் பூர்வீகம் ஆர்மீனியன் தெருவிலும் சூலியா தெருவிலும் நடந்த அந்தப் பத்து நாட்களில் இருக்கிறது என்பது அவர்களில் பலர் அறியாதது.

மாத்தாவும் ஜாகாவும் அஞ்சடியும்

பழைய தலைமுறையினர் போலீஸ்காரரை 'மாத்தா' என்பார்கள். மலாயில் மாத்தா என்றால் கண். மாத்தா-மாத்தா என்றால் போலீஸ்காரர். தொடக்கக் காலத்தில் அந்தக் கண்களில் மலாய்க்காரர்களும் தென்னிந்தியர்களும் மிகுதி. பினாங்குப் போலீஸ் கண்காணிப்பாளராக இருந்த கேப்டன் ஸ்பீடி 1873-ல் பதவியைத் துறந்து பஞ்சாப் சென்று, லாருட் சுரங்கச் சண்டையை அடக்க ஆட்களைத் திரட்டி வந்தார். அந்தச் சண்டையும் பினாங்குச் சங்கங்களின் பகையிலிருந்து கிளைத்ததே. 1881-ல் சிங்கப்பூரில் சீக்கியக் காவல் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. அதன்பின் தலைப்பாகை இல்லாத காவல் நிலையத்தைப் பார்ப்பது அரிது என்றாகிவிட்டது.

படையில் இடம் கிடைக்காதவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஜாகாக்கள் ஆனார்கள். கடை, வங்கி, கிடங்கு வாசல்களில் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டுப் படுத்திருக்கும் சீக்கிய ஜாகாவைப் பினாங்கின் முதியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. திருடனுக்கும் தெரியாது என்பதுதான் அதன் பலன். அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

கட்டில் கிடந்த இடம் அஞ்சடி. கடைவீட்டின் முன்னால் கூரையோடு கூடிய ஐந்தடி அகல நடைபாதையைப் பினாங்குத் தமிழர் அப்படித்தான் சொல்வார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க என்று கட்டப்பட்ட அஞ்சடி, ஒரு காவல் ஏற்பாடாகவும் வேலை செய்தது. கீழே கடை, மேலே குடும்பம். பகலில் அஞ்சடியில் பூக் கட்டுபவர், சாவி செய்பவர், பத்திரிகை விற்பவர். இரவில் காற்று வாங்க நாற்காலி போட்டு அமரும் தாத்தா. அறிமுகமில்லாதவன் ஒருவன் இரண்டு முறை நடந்தால் போதும், "யாரைப் பார்க்கணும் தம்பி?" என்ற குரல் எங்கிருந்தோ வரும்.

பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகளும் இதே கணக்கில் இயங்கியவை. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாழ்வான மேசை, ஒரு பெட்டகம், பாய் விரிக்க ஓர் இடம். போட்டிக்காரன் கண்ணெதிரே தன் பணத்தை வைத்துக்கொண்டு வட்டிக்கடை நடத்துவது வெளியாருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இருபது பேர் உண்டு உறங்கும் கூடத்தில் அந்நியன் ஒருவன் நுழைந்து பெட்டகத்தில் கை வைப்பது நடவாத காரியம்.

1961-ல் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், நகரத் தெருக்களைப் பாதுகாப்பவை முதலில் அங்கு வாழ்பவர்களின் கண்கள் என்று வாதிட்டார். உலகம் முழுவதும் நகரத் திட்டமிடுவோர் அதைப் பாடமாகப் படித்தார்கள். போலீஸ்காரனுக்குக் கண் என்று பெயர் வைத்த மலாய் மொழிக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

இரவு ரோந்து

அடுத்த நூற்றாண்டிலும் பினாங்கு கலவரத்தைப் பார்க்காமல் இல்லை. 1957 ஜனவரியில் நகரசபையின் நூற்றாண்டு விழா ஊர்வலத்தின்போது இன மோதல் வெடித்தது. 1967 நவம்பர் 24-ல், பழைய நாணயத்தின் மதிப்புக் குறைக்கப்பட்டதை எதிர்த்து நடந்த ஹர்த்தால் வன்முறையாக மாறி ஊரடங்கில் முடிந்தது. சரியாக 1867-க்கு நூறு ஆண்டு கழித்து. ஒரு வெள்ளி 85 காசாகிவிட்டது என்ற செய்தி சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த ஏழைகளை எப்படித் தாக்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1974-ல் போலீஸ் படைத் தலைவரே கோலாலம்பூரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு தேசிய நினைவுச் சின்னம் வெடிவைத்துச் சேதப்படுத்தப்பட்டது. இந்தப் பதற்றத்தின் நடுவே 1975-ல் துன் ரசாக் அரசாங்கம் ருக்குன் தெத்தாங்கா திட்டத்தைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதி ஆண்கள் முறை வைத்து இரவு ரோந்து போவது கட்டாயமானது. டார்ச் லைட், கம்பு, ஃபிளாஸ்கில் கோப்பி. எதிர்வீட்டுச் சீனரின் பெயரைப் பத்தாண்டு பக்கத்தில் வாழ்ந்தும் அறியாதவர்கள், நள்ளிரவில் சேர்ந்து நடந்தபோதுதான் அறிந்து கொண்டார்கள். கும்பலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். தெருவில் யார் குடியிருக்கிறாரோ அவர் காவல். இனம் பார்த்துச் சேர்ப்பதில்லை, சந்தா இல்லை, சத்தியம் இல்லை. கட்டாய ரோந்து பின்னர் தளர்ந்துபோய் அண்டை வீட்டார் நல்லுறவே முதன்மையானது. 2012-ல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தன்னார்வ ரோந்துக் குழுக்கள் பல இடங்களில் இயங்குகின்றன. சில இடங்களில் பலகை மட்டும் மிச்சம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

வெறிச்சோடிய மேல்மாடிகள்

2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. 1948-க்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளில் சொற்ப வாடகைக்குத் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் புது வாடகையைக் கட்ட முடியாமல் வெளியேறின. ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், செபராங் பிறை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது கட்டடங்கள் இருந்தன. அவற்றின் மேல்மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக் கொண்டிருந்த தாத்தாக்கள் பலர் இல்லை.

இதே காலத்தில்தான் நாடு முழுவதும் கைப்பை பறிப்பு பெரும் அச்சமாக உருவெடுத்தது. மோட்டார் சைக்கிளில் இருவர். ஓட்டுபவர் ஒருவர், பறிப்பவர் ஒருவர். பறிபோன பணத்தைவிட, இழுத்த இழுப்பில் தலை தரையில் மோதி உயிரிழந்தவர்கள் செய்திதான் மக்களை உலுக்கியது. 2004-ல் அரசாங்கம் பாதுகாப்பான நகரத் திட்டத்தைத் தொடங்கியது. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே தடுப்புக் கம்பி, கூடுதல் விளக்கு, மறைவான முனைகளில் கண்ணாடி, கண்காணிப்புக் கேமரா என ஊராட்சி மன்றங்கள் செய்ய வேண்டியவை வகுக்கப்பட்டன.

ஆனால் ஜார்ஜ்டவுனுக்கு ஒரு தனிச் சிக்கல். நடப்பவரைச் சாலையிலிருந்து பிரித்து வைக்க இருநூறு ஆண்டு முன்னோர் கட்டி வைத்த அஞ்சடியில் சரக்குப் பெட்டி, மேசை, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறி நிற்கின்றன. நடப்பவர் சாலையில் இறங்குகிறார். அவரது கைப்பை எட்டும் தூரத்தில் வாகனங்கள் போகின்றன. கடைக்காரருக்கு அது வியாபார இடம். நகராண்மைக்கு அபராதச் சீட்டு. கடைத்தெருவுக்கு வரும் பெண்ணுக்கு அது கழுத்தில் உள்ள தாலிக்கொடி.

சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக நடப்பதும், பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுவதும் நல்லது. பை வாரைக் கையில் சுற்றிக்கொள்வது பலரிடம் உள்ள பழக்கம், மிக ஆபத்தான பழக்கமும்கூட. பறிப்பவன் இழுத்தால் விட்டுவிட வேண்டும். அடையாள அட்டையை மறுபடி எடுக்கலாம். மோட்டார் சைக்கிளின் முன் கூடையிலும் காரின் பக்கத்து இருக்கையிலும் பையை வைப்பது, சிவப்பு விளக்கில் காத்திருப்பவனுக்கு வைத்த விருந்து. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை ஏறும் கூட்டத்தில் நகையைத் தவிர்க்கும்படி போலீசார் சொல்வதைக் கேட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். நடந்துவிட்டால் 999-ஐ அழைத்துப் புகார் செய்ய வேண்டும். "போனது போகட்டும், ஸ்டேஷனுக்கு யார் அலைவது" என்று விட்டுவிட்டால், அந்த முனையில் திருட்டே நடப்பதில்லை என்றுதான் பதிவேடு சொல்லும். ரோந்து வண்டியும் வேறு தெருவுக்குப் போய்விடும்.

கீ ஹின்னின் வாரிசுகள்

2013 ஆகஸ்டு மாத இறுதியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் குறிப்பிட்டு அறிவித்தது. பயன்பட்ட சட்டம் அதே 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம். 04, 08, 36, 303 என்று எண்களே பெயர்களாக இருந்த பட்டியல் அது. நாடு முழுவதும் சுமார் 40,000 உறுப்பினர்கள், அவர்களில் 28,000-க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள் என்றும் அமைச்சு சொன்னது. மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத சமூகம், கும்பல் கணக்கில் பத்தில் ஏழு பங்கு. கணக்கு எடுத்த முறையைப் பற்றிக் கேள்விகள் எழலாம். அந்த எண்ணைப் படித்த அன்று தலைகுனியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு.

எப்படி நேர்ந்தது? ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது லயத்துக் குடும்பங்கள் நகர ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. தோட்டத்தில் கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, கண்டிக்க ஊர்ப் பெரியவர் இருந்தார். அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதான பத்தாவது மாடியும் இரவு ஷிப்டுக்குப் போகும் தாயும் தகப்பனும்தான் மிச்சம். இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்துப் பையனை நான்கு பேர் சூழ்ந்து அடித்தால், மறுநாள் ஐந்தாவது ஒருவன் வந்து தோளில் கை போடுவான். "இனி உன்னை யாரும் தொட மாட்டார்கள்." அந்த வார்த்தைக்குப் பையன் விழுகிறான். கப்பலிலிருந்து இறங்கிய சீனக் கூலிக்குக் கிடைத்த அதே வார்த்தை. முதலில் சாப்பாடு வாங்கித் தருவார்கள். பிறகு ஒரு பொட்டலத்தை இன்னார் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். பின்னர் ஒரு நாள், யாரென்றே தெரியாதவனோடு மோத அழைப்பு வரும்.

பையனின் கையில் திடீரென்று புதுக் கைப்பேசி, பெயர் சொல்ல விரும்பாத 'அண்ணன்', பள்ளிக்குப் போகப் பயம், உடம்பில் காரணம் சொல்லாத காயம். இவற்றைக் கவனிக்கும் தாய் தகப்பன் முதலில் அடிக்கக் கை ஓங்குகிறார்கள். அடிக்குப் பயந்துதான் அவன் அங்கே போனான் என்பது பிறகே தெரிய வருகிறது. பள்ளிகளுக்கென்று தொடர்புப் போலீஸ் அதிகாரி நியமிக்கப்படும் ஏற்பாடு மலேசியாவில் உண்டு. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேட்டால் அவர் யார், எந்த நிலையத்தில் இருக்கிறார் என்று சொல்வார். முதல் அடி விழுந்த வாரத்திலேயே கேட்க வேண்டிய பெயர் அது. ஐந்தாவது ஆள் வந்து தோளில் கை போட, ஒரு நாள்கூடத் தேவைப்படுவதில்லை.